பெஞ்சு இல்லாத நாட்கள்

கூடைப்பந்து அணியில் ஆடும் நேரத்தை உழைத்துப் பெற வேண்டும் என்பது இன்று இயல்பான பேச்சு. ஆட்டம் பிறந்தபோது இந்தக் கவலை இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் வகுப்பிலிருந்தவர்கள் 18 பேர். பக்கத்துக்கு ஒன்பது பேராக அனைவரையும் ஆடவைத்தார். பெஞ்சில் அமர ஆளே மிஞ்சவில்லை.

1897-இல் அணிக்கு ஐவர் என்றானது. அமெரிக்க விதிப்படி, வெளியேறியவர் அந்த ஆட்டத்துக்குள் மீண்டும் வர முடியாது. பயிற்றுநர் யாரைத் துணிந்து வெளியே அழைப்பார்? ஆறாமவன் எவ்வளவு உழைத்தாலும் சக ஆட்டக்காரனின் காயத்துக்காகவே காத்திருக்க நேர்ந்தது. கொடுமையான காத்திருப்புதான்.

1920-21 பருவத்தில் ஒருமுறை திரும்பலாம் என்று தளர்த்தினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதும் 1920-இல்தான். (நம் ஊர் டிரில் மாஸ்டர்களின் தாய்வீடு அது.) 1933-34-இல் இருமுறை என்றானது, 1944-45-இல் கட்டுப்பாடே நீங்கியது. நிமிடக் கணக்கில் ஆட்டநேரத்தை ஈட்டுவதற்கு அதன் பிறகே முழு வழி பிறந்தது. பந்து போடத் தெரியாமல் எதிராளியைத் தடுக்க மட்டுமே தெரிந்தவனையும் நான்கு நிமிடம் இறக்கிப் பார்க்கலாம்.