ஸரத்தான்: ஒரு நோயின் காரணம் தேடிய வரலாறு

ஒரு நோய்க்கு மனிதன் இடும் பெயரிலேயே அதனைப் பற்றி அவன் கொண்ட அறிவும் அச்சமும் பதிந்துவிடுகின்றன. கிரேக்கர் இந்நோயைக் ‘கார்க்கினோஸ்’ என்றனர். இலத்தீனில் அது ‘கான்சர்’ ஆயிற்று. அரபு மருத்துவர்கள் ‘ஸரத்தான்’ என்றனர். மூன்றுக்கும் பொருள் நண்டு என்பதே. கட்டியைச் சுற்றிப் புடைத்துக் கிளம்பும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களை அவர்களுக்கு நினைவூட்டின. தமிழர் கண்ட காட்சி வேறு. கறையான் ஓசையின்றிக் கட்டி எழுப்பும் புற்றினை அவர்கள் இதில் கண்டனர். நண்டு வெளியிலிருந்து வந்து பற்றுவது. புற்றோ இருந்த இடத்திலேயே கிளைத்து வளர்வது. உவமையளவில் தமிழே உண்மைக்கு அணுக்கமாய் நின்றது என்று சொல்லத் தோன்றுகின்றது.

இந்நோய் எதனால் வருகின்றது? கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்னும் கிரேக்க மருத்துவர் சொன்ன விடையே ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் உலகை ஆண்டது. உடலில் ஓடும் நான்கு நீர்மங்களுள் கரும்பித்தம் மிகுந்து ஓரிடத்தில் தேங்கினால் ஸரத்தான் உண்டாகும் என்றார் அவர். யூனானி ஹகீம்கள் ‘ஸவ்தா’ என்று கூறுவது இதனையே. காரணம் தவறு. ஆனால் அக்கோட்பாட்டின் கீழ் இருந்துகொண்டே கண்ணால் கண்டதை மறைக்காமல் எழுதிய பெருமை நம் முன்னோர் சிலருக்கு உண்டு. இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில், இக்கட்டி சிறிதாகத் தோன்றி மெல்ல வளர்ந்து அண்டையிலுள்ள தசைகளில் வேரோடுவதைக் குறிக்கின்றார். அறுப்பதாயின் தொடக்கத்திலேயே, சுற்றியுள்ள குழாய்களோடு சேர்த்து, எதுவும் எஞ்சாதவாறு அகல அறுக்கவேண்டும் என்கின்றார். குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவியோ இன்னும் ஒருபடி மேலே சென்று, முற்றிப் பெருத்த ஸரத்தானைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, குணப்படுத்திய எவரையும் கண்டதுமில்லை என்று எழுதி வைத்தார். மருந்து விற்போர் மலிந்த எக்காலத்திலும் இத்தகைய வாக்குமூலம் அரிது.

காரணத்தைத் தொட்டுக் காட்டிய முதல் ஆய்வுகளுள் ஒன்று பிறக்க 1775ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அதனைத் தந்தவர்கள் அரசர்களோ அறிஞர்களோ அல்லர். இலண்டன் மாநகரத்தின் ஏழைச் சிறுவர்கள். குளிர் நாடாகையால் அங்கு வீடுதோறும் நிலக்கரி எரியும் கணப்பு உண்டு. அதன் புகைப்போக்கிகள் குறுகலானவை, வளைந்து செல்பவை. உள்ளே படியும் கரியைச் சுரண்ட, அனாதைப் பிள்ளைகளும் வறியோர் பிள்ளைகளும் நான்கைந்து வயதிலேயே எசமானர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். உடையின்றியே பல வேளைகளில் அவர்கள் அப்பொந்துகளுள் ஏற்றப்பட்டனர். முழங்காலும் முழங்கையும் தேய, கரி வியர்வையோடு கலந்து தோலின் மடிப்புகளில் ஊறியது. நாட்கணக்கில் குளிப்பும் இல்லை.

புனித பார்த்தலோமேயு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், இச்சிறுவர்கள் வளர்ந்து ஆளான பிறகு பலருக்கு விரைப்பையின் தோலில் ஒரு புண் தோன்றுவதைக் கண்டார். பிறர் அதனை ஒழுக்கக்கேட்டால் வந்த மேகநோய் என்று கருதிப் பாதரசம் கொடுத்துவந்தனர். பாட் அதனை மறுத்தார். இது புற்றே, தோலின் மடிப்பில் தங்கிய கரியே இதற்குக் காரணம் என்று எழுதினார். அவருடைய எழுத்தில் அப்பிள்ளைகளிடம் இரக்கமும் தெரிகின்றது. எனினும் இரக்கம் சட்டமாவதற்கு நெடுநாள் பிடித்தது. 1788இல் ஒரு சட்டம் வந்தது, 1840இல் ஒன்று, 1864இல் இன்னொன்று. எல்லாம் ஏட்டளவில் நின்றன. 1875இல் இயற்றிய சட்டமே சிறுவர்களைப் புகைப்போக்கியினின்று இறக்கியது. காரணம் தெரிந்தும் கழிந்தவை நூறு ஆண்டுகள்! 1892இல் பட்லின் என்னும் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உடலை மூடும் ஆடை அணிந்து நாள்தோறும் நீராடிய ஐரோப்பியத் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாயிருந்ததைக் கண்டார். வேண்டியிருந்தது சிறிது நீரும் ஒரு துணியுந்தான்.

கரியிலுள்ள எப்பொருள் இதனைச் செய்கின்றது என்பது அடுத்த வினா. உயிரணு ஒவ்வொன்றும் மற்றோர் உயிரணுவினின்றே தோன்றுகின்றது என்று செர்மானிய அறிஞர் விர்கோ 1858இல் நிலைநாட்டியிருந்தார். அதனால் கரும்பித்தம் விடைபெற்றது. புற்றும் நம் சொந்த அணுக்களின் வழிவந்ததே எனத் தெளிந்தது. விர்கோவிடம் பயின்று சென்ற யாமகிவா என்ற சப்பானியர், இச்சிகாவா என்ற துணைவரோடு, முயல்களின் காதில் கீலெண்ணெயை விடாது தடவிவந்தார். மாதங்கள் பல சென்றபின், 1915இல், முயலின் காதில் புற்று உண்டானதை அவர்கள் வெளியிட்டனர். பின்னர் இலண்டனில் ஓர் ஆய்வுக்குழு இரண்டு டன் கீலைக் காய்ச்சிப் பிரித்து, 1933இல் பென்சோபைரீன் என்னும் பொருளைத் தனித்தெடுத்தது. புகைப்போக்கியின் கரியிலிருந்த அதே பொருள் பீடி, சிகரெட்டின் புகையிலும் உள்ளது. புகைப்போர்க்கு நுரையீரல் புற்று மிகுவதை டாலும் ஹில்லும் 1950இல் கணக்கெடுத்துக் காட்டினர்.

உடலுக்குள் நிகழ்வது என்ன? ஒவ்வோர் அணுவிலும் டி.என்.ஏ. என்னும் இழையில் அதன் நடைமுறை எழுதப்பட்டிருக்கின்றது. எப்போது பிளந்து பெருகவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும், பழுதுற்றால் எப்போது தன்னை மாய்த்துக்கொள்ளவேண்டும் என்பவை எல்லாம் அதில் அடங்கும். பென்சோபைரீனை வெளியேற்றுவதற்காக நம் உடலே அதனை மாற்றுகின்றது. மாறிய பொருள் அவ்விழையில் ஒட்டி எழுத்தைத் திரித்துவிடுகின்றது. கழுவ எடுத்த கையே கறையைப் பரப்பியது போல! ஒரு பிழையால் புற்று வந்துவிடுவதில்லை. முடுக்கும் மரபணு அடங்காமலும் தடுக்கும் மரபணு செயலற்றும் போகுமாறு பல பிழைகள் ஓரணுவின் வழியில் சேரவேண்டும். அதற்கு ஆண்டுகள் பல வேண்டும். ஆகையினாலேயே இது பெரும்பாலும் முதுமையில் வருகின்றது. 1976இல் பிசப், வார்மஸ் இருவரும், கோழிகளுக்குப் புற்றுண்டாக்கும் ஒரு வைரசின் மரபணு, நோயற்ற கோழியின் அணுக்களிலிருந்தே வந்தது என்று காட்டினர். முடுக்கும் கருவி நம்முள்ளேயே உள்ளது. பழுதாகும்போதே அது பகையாகின்றது. (புற்றுநோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தேவையற்ற கொடுமை. உண்பதாலும் தொடுவதாலும் புற்று ஒட்டாது. கல்லீரல் புற்றுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் காரணமாகும் வைரசுகள் தொற்றக்கூடியவைதாம். அவற்றுள் சிலவற்றிற்குத் தடுப்பூசி உண்டு.)

இனி, நம் இல்லத்து வெற்றிலைப் பெட்டிக்கு வருவோம். சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நிப்ளாக் என்னும் மருத்துவர் 1902இலேயே வாய்ப்புற்றுக்கும் வெற்றிலை மெல்லும் வழக்கத்திற்கும் உள்ள தொடர்பை எழுதினார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூரின் மிசன் மருத்துவமனையிலிருந்து, ஆர் என்ற மருத்துவர் 1933இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். புகையிலை சேர்ந்த வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உறங்குவோர் நம்மிடையே உண்டு. அடக்கிய அதே பக்கத்தில்தான் புண்ணும் பெரும்பாலும் தோன்றுகின்றது. இலண்டன் சிறுவனின் தோல்மடிப்பில் கரி தங்கியதும், நம் பெத்தாமார்களின் கன்னத்தில் புகையிலை தங்கியதும் ஒரே கதைதான்.

“நாங்கள் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று ஆறுதலடைவோர் பலர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985இலேயே புற்றுண்டாக்குவது என்று அறிவித்தது. 2003இல் மீண்டும் கூடி ஆராய்ந்தபோது, புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கையும், பாக்கினை மட்டுமேயும் அதே வரிசையில் சேர்த்தது. பாக்கிலுள்ள அரிகோலைன் போன்ற பொருள்களிலிருந்து உமிழ்நீரில் நச்சுகள் உருவாகின்றன. சுண்ணாம்பு அச்செயலை விரைவுபடுத்துகின்றது. கன்னத்தின் உட்புறம் நாராய் இறுகி, நாளடைவில் வாய் திறப்பது சுருங்கிவிடுகின்றது. கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் 1952இல் இந்நோய் முதலில் விவரிக்கப்பட்டது. காரம் பட்டால் எரிச்சல், பின்பு இரண்டு விரல்கூட நுழையாத வாய் என்று அது வளரும். பொட்டலத்தில் வரும் வாசனைப் பாக்கினால் இன்று இளைஞரிடமும் இது காணப்படுகின்றது.

வாயினுள் வழித்தாலும் போகாத வெண்படலம், செம்படலம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வலியற்ற புண், வாய் திறப்பு குறைதல் ஆகியவை முன்னறிகுறிகள். வலியில்லையே என்று காத்திருப்பதே பெரும்பாலோர் வழக்கம். தொடக்கத்தில் வலி இராது என்பதே இதன் இயல்பு. வழக்கத்தை விட்டவர்க்கு ஆபத்து ஆண்டுக்காண்டு குறைகின்றது. வெண்படலங்கள் சில தாமாகவே மறைவதும் உண்டு. பல் மருத்துவர் ஒருவர் கைவிளக்கைக்கொண்டு ஐந்து நிமிடத்தில் இவற்றைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.