நான்கு அவுன்ஸ் ஈயம்: மலைநாட்டுத் துவக்குகளின் கதை

2023 டிசம்பரில் நெதர்லாந்து லெவ்கே திசாவையின் பீரங்கியைத் திருப்பித் தந்தபோது எல்லோரும் அதைப் பற்றிப் பேசினோம். வெண்கலம், தங்கம், வெள்ளி, மாணிக்கக் கல். 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது கொண்டுபோனது. அழகான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மன்னருக்குக் கொடுத்த பரிசு. சண்டைக்குப் போன துவக்குகளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அவற்றுக்குள் என்ன போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் சொல்லைப் பாருங்கள். நாங்கள் துவக்கு என்கிறோம், சிங்கள நண்பர்கள் துவக்குவ என்கிறார்கள், தமிழ்நாட்டில் துப்பாக்கி. எல்லாம் துருக்கி, பாரசீகப் பக்கமிருந்து வந்த ஒரே வேர். வாய்ப்பக்கமாக மருந்தை இடித்து நிரப்புவதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் இன்னும் நேரடியானது: இடியன்.

கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் துவக்குக் குழாய் செய்வதில் கெட்டிக்காரர்கள். பதினாறாம் நூற்றாண்டில் கிழக்கே வந்த ஐரோப்பியப் பயணிகளே அதைப் பாராட்டி எழுதினார்கள். பல துவக்குகளில் விசைப்பொறி இடது பக்கத்தில் இருக்கும், ஐரோப்பியத் துவக்குக்கு நேர்மாறாக. பெரிய குழாயோடு நிலத்தில் கால் ஊன்றிச் சுடும் கொடிதுவக்குவவும் இருந்தது. மலைப்பாதையில் பீரங்கி இழுக்க முடியாத இடத்துக்கு அது பொருத்தம்.

ஆனால் 'எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து' என்பதைப் புத்தகமாகவே எழுதி வைத்தவர் ஒரு வெள்ளைக்காரர்: சாமுவேல் பேக்கர். ஹோர்ட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி இருக்கிறதே, அந்தப் பேக்கர்தான். 1840களின் நடுப்பகுதியில் வேட்டைக்காக இலங்கைக்கு வந்து, 1848 முதல் நுவரெலியாவில் குடியிருந்து பண்ணை நடத்தியவர்.

அவர் கொண்டுவந்த துவக்கு பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் 1840இல் செய்து கொடுத்தது. எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. குழாயின் நீளம் 36 அங்குலம். உள்ளே ஆழமான, அகலமான இரண்டு வரிப்பள்ளங்கள். உருண்டைக் குண்டு போட்டால் 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு போட்டால் 4 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ். ஒப்பிட்டுப் பாருங்கள்: அன்றைய பிரித்தானியச் சிப்பாயின் துவக்கில் போன ஈயக் குண்டு ஓர் அவுன்ஸுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு பெரிசு? கரிமருந்தில் குண்டின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. மருந்தைக் கூட்டக் கூட்டப் புகையும் உதையும்தான் கூடும். வேகம் கூடாவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும், வேறு வழி இல்லை. யானையின் நெற்றி எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தடித்தது. லேசான, மெதுவான ஈயக் குண்டு அதற்குள்ளேயே நசுங்கி நின்றுவிடும்.

அடுத்த சிக்கல் வரிப்பள்ளம். பள்ளம் ஆழமில்லாமல் முறுக்கு மட்டும் அதிகமாக இருந்தால், நிறைய மருந்து போட்டுச் சுடும்போது மெத்தென்ற ஈயம் பள்ளத்தைப் பிடிக்காமல் வழுக்கிப் போய்விடும். குண்டு சுழலாது, குறியும் தப்பும். அதனால்தான் பேக்கரின் உருண்டைக் குண்டுக்கு இடுப்பில் ஒரு பட்டி. அந்தப் பட்டி இரண்டு பள்ளங்களிலும் மாட்டிக்கொள்ளும். முறுக்கும் மெதுவானது, குழாயின் முழு நீளத்துக்கு ஒரே ஒரு சுற்று. பிரித்தானிய இராணுவத்தின் பிரன்ஸ்விக் ரைபிளும் இதே முறைதான். குறை என்னவென்றால், சில வெடிக்குப் பிறகு குழாயில் கரி படிந்துவிடும். பட்டியைப் பள்ளத்துக்கு நேராகப் பிடித்து இடித்து இறக்குவது பெரும்பாடு.

யானை துரத்தி வரும்போது அதற்கு நேரம் ஏது? அதனால் பேக்கர் கூடவே இரட்டைக் குழாய் ரைபிள்களும் வைத்திருந்தார். அவற்றைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அடுத்த துவக்கை உரிய நொடியில் கையில் கொடுக்காமல் அவர்கள் ஓடிவிட்டால், நான்கு அவுன்ஸ் கணக்கெல்லாம் வீண். வேட்டை வீரம் என்று படிக்கும்போது அந்தக் கைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பேக்கர் வந்தபோது இங்கிருந்த பெயர்பெற்ற வேட்டைக்காரர்களிடம் ரைபிளே இல்லை. பள்ளமில்லாத சாதாரண இரட்டைக்குழாய்த் துவக்கில் மருந்தை இரட்டிப்பாகப் போட்டு, கடினப்படுத்திய குண்டைச் சில அடி தூரத்தில் நின்று நெற்றியில் சுடுவதுதான் அவர்கள் வழக்கம். 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ், பேக்கரின் புத்தகம் வரும் முன்னரே 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்துப் போனார். யானையைச் சுட குறிபார்க்கும் திறமை பெரிதாகத் தேவையில்லை என்று அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட்டே எழுதியிருக்கிறார். ஆகவே பெரிய துவக்கு வந்ததால்தான் யானை அழிந்தது என்று சொன்னால் கதை முழுமையாகாது.

முழுக்கதைக்கு அரசாங்கத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். மன்னர் காலத்தில் யானை அரச உடைமை, கொல்வது பெருங்குற்றம். பிரித்தானியர் அதைத் தலைகீழாக்கி, ஒரு யானைக்குச் சில ஷில்லிங் என்று வெகுமதி வைத்தார்கள். 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டதாக டெனன்ட் பதிவு செய்கிறார். அதே காலத்தில் கண்டி மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். வெட்டியவர்களில் மாத்தளைப் பாதையால் நடந்து வந்த எங்கள் மூதாதையரும் உண்டு. துவக்கு யானையைக் கொன்றது, கோப்பி யானையின் இடத்தை எடுத்தது. துவக்கும் கோப்பிக் காணியும் துரைமாரின் கையில் இருந்தன. எங்கள் ஆட்களிடம் இருந்தது கோடரியும் கூலியும்தான்.

ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஒரு யானையும் இல்லை. சமநிலத்தில் இருக்கும் யானைகளுக்கும் நிம்மதி இல்லை. 2023இல் நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. துவக்குச் சூடு, மின்சாரம், ரயில், ஹக்க பட்டாஸ் என்று பல காரணம். பூசணிக்காய்க்குள்ளோ பழத்துக்குள்ளோ வெடிமருந்தை ஒளித்து வைப்பதுதான் ஹக்க பட்டாஸ். கடித்த யானை தாடை சிதைந்து, தின்ன முடியாமல், நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். பேக்கரின் ஓர் அவுன்ஸ் மருந்துக்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தார்கள். பயிரை இழந்த விவசாயி வைக்கும் மருந்துக்குச் சட்டத்தில் குற்றம் என்று பெயர். இரண்டாவதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் முதலாவதின் பெயரில் நீர்வீழ்ச்சி இருக்கிறது. அங்கே படமெடுக்கப் போகும் எங்கள் வயசுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?