பெற்றோர்க்குப் பெற்றோரே துணை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம்மவர் அன்றாடம் வழங்கும் மொழி. பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாதாரை இடித்துரைக்கவே இதனைச் சொல்லுகின்றோம். ஆனால் இம்மொழிக்குள் ஒரு மருந்தும் அடங்கியிருக்கிறது. தனக்கு வந்து தெரிந்துகொண்டான் ஒருவன், இன்று அதே துன்பத்தில் உழல்வோன் அருகிற் சென்று அமர்வானாயின், அவன் அளிக்கும் ஆறுதலை வேறெவர் அளித்தல் கூடும்? மக்களின் மனநோயால் வருந்தும் பெற்றோர் தம்மைப் போன்ற பெற்றோரோடு கூடி ஒருவர்க்கொருவர் துணையாகும் முயற்சி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சிங்கப்பூரின் வடமேற்கிலுள்ள சுவா சூ காங்கை எடுத்துக்கொள்வோம். முற்காலத்திற் சீனர் ஆற்றங்கரையில் மிளகும் காம்பியரும் பயிரிட்ட பகுதி அது. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகர். 1990-இல் ரயிலும் வந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. ஒரு வீட்டிற் பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் என்றால் அண்டைவீட்டு அம்மாள் கஞ்சியோடு வந்து நிற்பாள். அதே பிள்ளை பதினாறு வயதிற் பள்ளி செல்ல மறுத்து, இரவெல்லாம் உறங்காது, காதில் எவரோ பேசுவதாகக் கூறி நடுங்கினால் என்ன நேர்கிறது? பெற்றோரே கதவைச் சாத்திக்கொள்கின்றனர். உறவினருள் ஒருவர் செய்வினை என்பார். மற்றொருவர் தாய் வளர்த்த வளர்ப்பு என்பார். மூன்றாமவர், இவ்வீட்டில் இனி யார் பெண் கொடுப்பார் என்பார். பிள்ளையின் நோய் ஒன்று. பெற்றோரின் தனிமை மற்றொன்று. முதலாவதற்கு வைத்தியர் உண்டு. இரண்டாவதற்கு யார் உளர்?

சிங்கப்பூர்ச் சர்க்கார் முதலாவதை மட்டுமே நெடுங்காலம் கண்டது. சித்தம் கலங்கினாரைச் சிறையில் அடைத்து வைப்பதே தொடக்கக்கால வழக்கம். சிறைக்குள் அத்தகையான் ஒருவன் மற்றொருவனைக் கொன்றுவிட்ட பின்னரே, பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் கூடுமிடத்தில் 1841-இல் முப்பது படுக்கைகள் கொண்ட ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. 1860-களின் தொடக்கத்தில் அது கண்டாங் கெர்பாவ் பகுதிக்குப் பெயர்ந்தது. நம் தமிழர் கடைத்தெருவாகிய தேக்காவுக்கு அருகிலுள்ள இடமே அது. 1887-இல் சிப்பாய் லைன்ஸ் பகுதியில் முந்நூறு படுக்கைகளோடு புதியது கட்டப்பட்டது. 1928-இல் யீயோ சூ காங் சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தங்கத்தக்க பெரிய மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அந்நாளில் இத்தீவுக்குப் பிழைக்க வந்தோருட் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்த ஆடவர். ஆகவே நோயாளியின் தாயும் தந்தையும் ஆஸ்பத்திரியின் கணக்கிலேயே வரவில்லை.

1951-இல் அவ்வாஸ்பத்திரிக்கு உட்பிரிட்ஜ் என்று பெயர் மாற்றினர். பழியைக் குறைக்கும் நல்ல நோக்கத்தோடு, அருகிலிருந்த மரப்பாலத்தைக் கொண்டு இட்ட பெயர் அது. விளைந்தது யாது? சில ஆண்டுகளில் அப்பெயரே வசைச்சொல் ஆயிற்று! சிறுவர் சண்டையில் ஒருவனை ஒருவன் உட்பிரிட்ஜுக்குப் போ என்று ஏசலாயினர். 1993-இல் ஆஸ்பத்திரி புவாங்கோக்கிற்குப் பெயர்ந்து மனநலக் கழகம் என்னும் பெயர் பெற்றது. பெயர்ப்பலகையை எத்தனை முறை மாற்றினும் மக்கள் மனத்தில் உள்ள இழிவு தானாக மாறாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதற்கிடையே உலக வைத்தியத்தில் ஒரு பெருமாறுதல் நேர்ந்தது. 1952-இல் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. ஆயுள் முழுதும் மதிலுக்குள் கிடந்தோர் பலர் வீடு திரும்பலாயினர். இது பெரும் பேறே. எனினும் வீடு திரும்பியவர்க்கு மருந்து கொடுப்பவர் யார்? அவர் மருந்தை மறுக்கும்போது பொறுப்பவர் யார்? தாயும் தந்தையுமே! கூலியில்லை, ஓய்வில்லை, பயிற்சியும் இல்லை. போதாக்குறைக்குப் பழியும் வந்து சேர்ந்தது. மனச்சிதைவு நோயைத் தாயின் நடத்தையே உண்டாக்குகிறது என்னும் கருத்தை 1948-இல் பிரீடா பிராம்-ரைக்மன் என்னும் வைத்திய அம்மையார் வெளியிட்டார். அதனைப் படித்தவர் உலகம் பல்லாண்டு நம்பிற்று. பிற்கால ஆராய்ச்சி அதனைத் தள்ளிவிட்டது. கிராமத்துப் பூசாரியின் குறியும் மேல்நாட்டுப் பண்டிதரின் கொள்கையும் இங்கே ஒன்றாகிவிட்டமை காண்க: குற்றவாளி பெற்றவளே!

இவ்விருளில் முதல் ஒளி நம் இந்தியாவிலேயே தோன்றியது என்பதைப் பெருமையோடு கூறலாம். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர், ஆஸ்பத்திரி வெளியிற் கூடாரங்கள் அடித்து, நோயாளரோடு அவர்தம் குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். நாள்தோறும் அவர்களைக் கூட்டி வைத்து நோயின் இயல்பை விளக்கினார். ஒரு தாய் தன் மகனை ஒத்த வேறு மகன் தேறுவதைக் கண்ணாற் கண்டாள், அவனுடைய தாயோடு பேசினாள், அச்சம் நீங்கினாள். பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் உறவினர் உடன் தங்கும் முறையையே மேற்கொண்டது.

மேல்நாட்டிற் பெற்றோர் தாமே எழுந்தனர். 1970-இல் ஜான் பிரிங்கிள் என்னும் ஆங்கிலேயர் தம் மகனது நோயையும் தம் குடும்பம் கைவிடப்பட்டதையும் இலண்டன் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். எங்கள் கதையும் இதுவே என்று பெற்றோர் பலர் முன்வந்தனர். 1972-இல் ஒரு சங்கம் பிறந்தது. அமெரிக்காவில் மனநோயுற்ற புதல்வரையுடைய தாய்மார் இருவர் தம் ஊரில் தொடங்கிய கூட்டம், 1979-இல் நாடு தழுவிய இயக்கமாயிற்று.

தமிழ்நாட்டில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் ஸ்கார்ப் என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். நோயாளரின் குடும்பத்தாரும் ஆஷா என்னும் சங்கத்தைத் தாமே அமைத்தனர். இவை இருந்தும், 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்தமையால் அவர்கள் ஓடவும் இயலவில்லை. அவர்களை அங்கே விட்டுச் சென்ற உறவினரெல்லாம் கல்நெஞ்சரோ? பலர் வழியறியாதவர், கேட்க ஆளில்லாதவர். அத்தனிமையே அச்சங்கிலியின் முதற் கண்ணி என்போம்.

சிங்கப்பூரிலும் வழி பிறந்துள்ளது. 1968-இல் மனநலச் சங்கம் தோன்றியது. 2011-இல் கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்னும் அமைப்பு, நோயாளரைப் பேணும் குடும்பத்தார்க்கென்றே எழுந்தது. அது நடத்தும் வகுப்புகளுக்குக் கட்டணமில்லை. நோயின் இயல்பு, நெருக்கடி வேளையிற் செய்யத்தக்கது, தம் உடலையும் மனத்தையும் காத்துக்கொள்ளும் முறை ஆகியவற்றை அங்கே கற்கின்றனர். கற்றோருட் சிலர் பின்வருவோர்க்குத் துணையாகின்றனர்.

வெறும் பேச்சால் நோய் தீருமோ என்று சிலர் வினவலாம். தீராது. மருந்தும் வைத்தியரும் இன்றியமையாதன. கூட்டம் அவற்றுக்கு மாற்றாகாது. ஆயினும் மகன் உன் முகத்தில் உணவை வீசியெறிந்த இரவில், அவன் பகைவனல்லன், நோயுற்றவன் என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அதே இரவைக் கடந்து வந்த தாயின் குரலாயின் நெஞ்சு அதனை நம்பும். தூக்கமில்லாத தந்தைக்கு, நானும் உறங்கவில்லை என்னும் ஒரு சொல் போதும். அவர் மறுநாள் வைத்தியசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லத் துணிவார்.

நம் தமிழர் சங்கங்களும் கோயில்களும் விழாக்களுக்கு மண்டபங்களைத் திறந்து வைக்கின்றன. சிராங்கூன் சாலையிலும் சுவா சூ காங்கிலும் திங்களுக்கு ஒரு மாலை, ஓர் அறையை இப்பெற்றோர்க்கெனத் திறந்து வைத்தால் யாது குறையும்? மேடை வேண்டா, மாலை வேண்டா, தலைவர் உரையும் வேண்டா. பத்து நாற்காலிகள், சிறிது தேநீர், தாய்மொழியிற் கூச்சமின்றிப் பேசும் உரிமை, அங்குக் கேட்டதை வெளியே உரைக்காத நாணயம் இவை போதும். இல்லத்தின் கதவைச் சாத்திக்கொண்ட அம்மையார் ஒருவர் அவ்வறையின் கதவைத் தட்டுவாராயின், நம் சமூகம் நாகரிகத்தில் ஒரு படி ஏறிற்று என்று கொள்ளலாம்.