பேரிடரும் பெருங்கணக்கும்

ஒரு நாட்டின் செல்வ வரலாற்றை எழுதுவோர் போர்களையும் வரிகளையும் வாணிகத்தையும் விரித்துரைப்பர். மழையையும் காற்றையும் ஓரிரு வரிகளில் கடந்து செல்வர். ஆயினும் நம் நாட்டின் வரவு செலவு ஏட்டில் இயற்கை தன் கையாலேயே எழுதிய பக்கங்கள் பல. பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம் அப்பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது பொருத்தமேயாகும். நம்முள் எத்தனையோ குடும்பங்கள் ஊர் பெயர்ந்தமைக்கு, ஏரி வற்றிய ஓர் ஆண்டோ கரை உடைந்த ஓர் இரவோ முதற்காரணமாக இருந்திருக்கக்கூடும்.

தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நாவில் வழங்கிய 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தை முதலில் நோக்குவோம். பருவமழை பொய்த்தது, சென்னை மாகாணமும் மைசூரும் ஐதராபாத்தும் பம்பாயும் வாடின. ஆங்கில ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 55 லட்சம் பேர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அந்நாளிலும் துறைமுகங்களிலிருந்து தானிய ஏற்றுமதி நின்றபாடில்லை. செலவைக் குறைக்க வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆடவனின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று சுருக்கினார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்த பின்னரே கூலி உயர்ந்தது.

இச்சிக்கனத்தால் அரசுக்கு மிஞ்சியது என்ன? 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 3 கோடியே 12 லட்சமாக இருந்த சென்னை மாகாண மக்கள்தொகை, 1881இல் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்தது. வளர்ந்திருக்க வேண்டிய பத்தாண்டில் தேய்வு நேர்ந்தது. உழுவோர் குறைந்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் வரியும் குறையும். கூலியில் மிச்சம் பிடித்த அணாக்களை அரசு நிலவரியில் இழந்தது எனலாம்.

பஞ்சத்தின் இழப்பு பஞ்சத்தோடு முடிவதில்லை என்பதற்கு உழவன் வீட்டுக் கணக்கே சான்று. முதலாண்டில் அவன் மாட்டை விற்கிறான். ஊரார் அனைவரும் அதே நாளில் விற்க வருவதால், அடிமாட்டு விலைக்கே அது போகிறது. மறு ஆண்டு மழை பெய்கிறது, உழ மாடில்லை. கடன் வாங்குகிறான், வட்டி ஏறுகிறது. மூன்றாம் ஆண்டில் நிலம் கைமாறுகிறது. அதன் பின்னரே அவன் மூட்டை கட்டுகிறான். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றோர் பலர்; 1880களில் கோலார் தங்கச் சுரங்கங்கள் பெருகியபோது வட ஆர்க்காட்டிலிருந்து அங்குச் சென்று குடியேறியோரும் பலர். வானம் பொய்த்தது ஓரிரு ஆண்டுகள். அதன் விளைவோ தலைமுறைகளைத் தொடர்ந்தது.

அப்பேரழிவிலிருந்து ஒரு பாடம் பிறந்தது. பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது; 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. பஞ்சக் காப்புக்கென ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டமும் 1878இல் தோன்றியது. ஆனால் உடனே மூண்ட ஆப்கான் போர்க் காலத்தில் அது தடுமாறியது. வருமுன் காக்க வைத்த பொருளை வேறு செலவுக்கு எடுக்கும் வழக்கத்திற்கு நெடிய வரலாறு உண்டு.

இனி, புயலின் கணக்கு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோருடன் வந்த பயணி ரயிலும் அழிந்தது. சிதைந்த பாம்பன் பாலத்தை நம் பொறியாளர்கள் 46 நாட்களில் சீர்செய்தனர். ஆனால் 1914 முதல் ரயிலையும் இலங்கைக் கப்பலையும் நம்பி வாழ்ந்த துறைமுக நகரம் மீளவேயில்லை. பாலத்தின் செலவைக் கணக்கர் எழுதினர். ஐம்பதாண்டு வாணிகமும் சுமைகூலியும் கடைகளும் போனதை எந்த ஏட்டில் எழுதுவது?

உயிரிழப்பைப் பொறுத்தவரை நம் நாடு கற்றுக்கொண்டது என்று பெருமையுடன் கூறலாம். 1977இல் ஆந்திரத்துத் திவிசீமையில் பதினாயிரம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். 1990 மே மாதப் புயலில் அம்மாநிலத்தில் அவ்வெண்ணிக்கை ஆயிரத்திற்குள் அடங்கியது. 1999இல் ஒடிசாவில் ஏறத்தாழப் பதினாயிரம் உயிர்கள் போயின; 2013இல் பைலின் புயலின்போது சுமார் பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட, உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. எச்சரிக்கையும் புகலிடக் கட்டடங்களும் தம் செலவைப் பன்மடங்காய்த் திருப்பித் தந்தன.

ஆனால் வீட்டையும் தோப்பையும் வண்டியேற்றி அப்புறப்படுத்த இயலாது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளில் தென்னைகளை வேரோடு சாய்த்தது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். மரத்துக்கு இவ்வளவு என்று தரும் நிவாரணம் விழுந்த மரத்துக்கு ஈடாகலாம். காத்திருக்கும் ஆறாண்டுக்கு ஈடாகுமா? 2015இல் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் வேறொரு பாடம் புகட்டியது: நீர் தங்கும் இடத்தில் செல்வத்தைக் குவித்தால், மழை அளவு மாறாவிடினும் இழப்பு பெருகும்.

இதனை அரசுகளும் மெல்ல உணர்ந்துள்ளன. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கை இடரின் வேகத்தைத் தணிக்கும் பணிகளுக்கென்றே தனியே வகுத்தது. ஐந்தில் ஒன்று சிறிதே. எனினும் நெடுங்காலமாக வந்தபின் நோவதற்கே செலவிட்ட நாட்டில் இது நல்ல தொடக்கம்.

நம் கடமை யாது? தாயகத்தில் புயல் வீசிய செய்தி வந்ததும் நம் சங்கங்கள் அரிசியும் போர்வையும் பணமும் திரட்டி அனுப்புகின்றன. அது தமிழரின் பண்பு, குறை கூறற்குரியதன்று. ஆயினும் முதல் வாரத்தில் நிரம்பி வழியும் உதவி, மூன்றாம் ஆண்டில் வற்றிப்போகிறது. மாடும் நிலமும் கைமாறுவது அம்மூன்றாம் ஆண்டிலேயாம். ஆகவே திரட்டும் பொருளில் ஒரு பகுதியை நாம் இருத்தி வைப்போமாக. தென்னங்கன்று காய்க்கும்வரை ஒரு குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவும், சொந்த ஊர்க் கண்மாயைத் தூர்வாரவும் அது பயன்படட்டும். அடுத்த தலைமுறை ஊரை விட்டுப் புறப்படுமானால், அது விரும்பிப் புறப்படும் பயணமாக இருத்தல் வேண்டும்.