கால்டுவெல் வீட்டு விசுவாசமும் கத்தரிக்கப்பட்ட பக்கங்களும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலையேறினால் ஊத்துப் பக்கம் பண்ணைக்காட்டுக்குச் சாலை பிரியும். சுற்றுலா வண்டிகள் அங்கே திரும்புவதில்லை, நேராக ஏரிக்குப் போய்விடும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலான கீழ்மலைக் கிராமங்களில் காப்பியும் மலைவாழையும் விளைகின்றன. அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போகும் குடும்பங்களில் பலர் நம் மக்கள், புலையர் மக்கள்.

அண்மையில் அங்கே சில இளைஞர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு தம்பி கேட்டார்: "வெள்ளைக்காரப் பாதிரிமார் குடும்பம் குடும்பமா வந்து, செத்து, வேதத்தைத் தமிழில் கொடுத்துட்டுப் போனாங்கன்னு சபையில சொல்றாங்க. அவங்களுக்கு நாம நன்றி சொல்லணுமா, கணக்குக் கேக்கணுமா?"

இரண்டும் செய்ய வேண்டும் என்பதுதான் நம் பதில். அதை விளக்கவே இந்தக் கட்டுரை. எடுத்துக்கொள்வது கால்டுவெல் குடும்பம். காரணம், ராபர்ட் கால்டுவெல் உயிர்விட்டது இதே பழனி மலையில், கொடைக்கானலில், 1891 ஆகஸ்ட் 28ஆம் நாள்.

ஒரு குடும்பத்தின் உழைப்பு

அயர்லாந்தில் 1814இல் பிறந்த கால்டுவெல், 1838 சனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். 1841இல் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குப் பெரும்பகுதி நடந்தே வந்தார். இடையன்குடி என்ற தேரிக்காட்டு ஊரில் தங்கியவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அங்கேயே வேலை செய்தார். அவ்வூர்த் தேவாலயத்தைக் கட்டி முடிக்க 33 ஆண்டுகள் ஆயின. 1880இல்தான் அதற்குப் பிரதிஷ்டை நடந்தது.

அவர் 1844இல் மணந்த எலைசா, நாகர்கோவிலில் லண்டன் மிஷன் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட் – மார்த்தா மால்ட் தம்பதியின் மகள். நாகர்கோவிலிலேயே வளர்ந்த எலைசாவுக்குத் தமிழ் படித்துக் கற்ற மொழியல்ல, பேசி வளர்ந்த மொழி. இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியதும் லேஸ் பின்னும் தொழிலைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

தமிழ் வேதாகமம் ஒரே கையால் எழுதப்பட்டதல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் அச்சு 1715இல் முடிந்தது. பழைய ஏற்பாட்டை அவருக்குப் பின் வந்த சுல்ட்சே 1728இல் முடித்தார். பிறகு பப்ரிசியுஸ் பல பத்தாண்டுகளை அதற்கே செலவிட்டார். அவருக்கும் பின்னால் பாளையங்கோட்டையில் ரேனியுஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் என்று வேலை தொடர்ந்தது. சபைக்கு ஒரு பதிப்பு இருந்தால் விசுவாசிகள் குழம்புவார்கள் என்று, எல்லா மிஷன்களும் ஏற்கும் ஒரே பதிப்புக்காக ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அமெரிக்க மதுரை மிஷனின் வில்லியம் டிரேசி அதில் இருந்தார். கால்டுவெல் 1858 முதல் 1869 வரை அதில் உழைத்தார். 1871இல் வெளிவந்த அந்தப் பதிப்புதான் இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் வேதாகமத்துக்கு அடிப்படை.

பதினோரு ஆண்டுகள் சொல் சொல்லாக உட்கார்ந்து திருத்துவது சிறு வேலையல்ல. இதற்கு முன்பே அவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டிருந்தார், பின்னர் பெரிதாக விரித்து 1875இல் இரண்டாம் பதிப்பும் கொண்டுவந்தார். அந்த உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் மொழிபெயர்த்தவனின் உழைப்போடு வேதாகமத்தின் கதை முடிந்துவிடுவதில்லை. வாசித்தவனின் உழைப்பும் ஒன்று உண்டு. சபைகளின் ஆண்டு விழாக்களில் யாரும் பேசாதது அதைத்தான்.

வாசித்த ராஜநாயக்கன்

தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்தவர் ராஜநாயக்கன். பறையர். கத்தோலிக்கராக இருந்தவர். சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1720களில் அவர் கைக்கு வந்தது. வாசித்தார். எந்தப் பாதிரியாரும் வந்து போதிப்பதற்கு முன்பே, அந்தப் புத்தகம் அவரைத் தரங்கம்பாடி மிஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தஞ்சைச் சீமையில் அந்தச் சபை பரவ அவர்தான் முன்னின்று உழைத்தார். உபதேசியாராக எண்ணற்ற பேரைச் சேர்த்தார்.

அவரைக் குருவாக அபிஷேகம் செய்யும் பேச்சு வந்தபோது என்ன நடந்தது? பறையர் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் குறுக்கே வந்தது. 1741இல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

தமிழ் வேதாகமத்தின் ஆரம்பகால வாசகர்களில் ஒருவர் தலித். வேதத்தை வாசித்து நம்பியவர், பரப்பியவர். ஆனால் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க அவர் கை ஆகாது என்றது சபை. 'விடாமுயற்சி' என்ற சொல்லை மிஷனரிக் குடும்பங்களுக்கு மட்டுமே பட்டா போட்டுக் கொடுப்பவர்கள் ராஜநாயக்கனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? தன்னை ஏற்காத சபையை விட்டு அவர் போகவில்லை. நம்மைப் பொறுத்தவரை அதுவும் விடாமுயற்சிதான்.

அடுத்த நூற்றாண்டுக்கு வருவோம். 1820களில் புதிய மிஷனரிகள் இரண்டு வேலைகளைக் கையில் எடுத்தார்கள். ஒன்று, பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துவது. மற்றொன்று, கோயிலுக்குள் சாதிவாரியாக உட்காருவதையும் நற்கருணையில் சாதி பார்ப்பதையும் ஒழிப்பது. இரண்டையும் எதிர்த்து எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பெரும் புலவர், பக்திப் பாடல்களால் இன்றும் கொண்டாடப்படுபவர். புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் அடுக்கியதில் வேதத்தைத் திருத்தியதும் சாதிகளைக் கலந்து உட்காரவைத்ததும் ஒரே வரிசையில் நின்றன. பழைய மொழிபெயர்ப்பும் பழைய இருக்கையும் அவருக்கு ஒரே மரபு. தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதும்போது மொழிநடைச் சண்டையை மட்டும் சொல்லிவிட்டு, சாதிச் சண்டையை விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1833இல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று சொன்னபோது, வேலை போனாலும் சரி என்று ஒதுங்கிய உபதேசிமார் இருந்தார்கள். சாதியைவிட வேதம் பெரிது என்று அவர்களுக்குப் படவில்லை.

லேஸ் பின்னிய கைகள்

எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலுக்கு வந்தது 1819இல். அன்று திருவிதாங்கூரில் புலையரும் பறையரும் விற்கவும் வாங்கவும் கூடிய அடிமைகள். அங்கே சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். மார்த்தா நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்ற அடிமைக் குடும்பத்துப் பெண்கள், அதில் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள் என்று திருவிதாங்கூர் மிஷன் வரலாறு சொல்கிறது.

கற்றுக் கொடுத்தது மார்த்தாதான். அதற்கு நன்றி. ஆனால் விரல் நோகப் பின்னிக் காசு சேர்த்து, தன் உடம்பைத் தானே விலைக்கு வாங்கியவள் நம் பாட்டி. தோள்சீலைப் போராட்டத்தின்போது மேல்சட்டையைத் தைத்துக் கொடுத்தது மிஷனரிப் பெண்கள். அதை அணிந்து தெருவில் நடந்து அடி வாங்கியது சாணார் சமூகத்துப் பெண்கள். எந்தப் போராட்டத்திலும் இந்த இரண்டு பங்கையும் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கால்டுவெல்லைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் முடியாது. 1849இல் சாணார் மக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர்களை இழிவுபடுத்தியது. தம் சபை மக்களையே பிறர் பார்வைக்குக் கீழே நிறுத்தினார். அதற்கு எதிர்ப்பு கிளம்பியது, நூல் திரும்பப் பெறப்பட்டது. மிஷனரிகளின் அதிகாரத்தோடு மோதிய அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1857இல் தனிச் சபையே கண்டார். வேதத்தைத் தமிழில் கொடுத்தவர்களிடமே 'இதை வாசிக்க எங்களுக்கு உங்கள் அனுமதி தேவையில்லை' என்று சொன்ன செயல் அது.

1913இல் என்ன நடந்தது?

இப்போது நம் கணக்குக்கு வருவோம்.

1875இல் வந்த ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் கால்டுவெல்லின் ஒரு பின்னிணைப்பு இருந்தது. தென்னிந்தியப் பறையர்கள் திராவிடர்தானா என்பது அதன் கேள்வி. சாதிக் கலப்பில் பிறந்து விலக்கப்பட்டவர்கள், வேறு இனத்தவர் என்றெல்லாம் பறையரைப் பற்றிச் சொல்லப்பட்டுவந்த காலம் அது. அந்தக் கதைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, பறையர் திராவிடரே என்று அவர் முடிவு சொன்னார். அவருடைய எல்லாச் சொற்களும் நமக்கு உடன்பாடல்ல. ஆனாலும் திராவிடம் என்ற கருத்தை உலகுக்கு நிறுவிய அதே நூலுக்குள், பறையரும் அதன் மக்களே என்று எழுதப்பட்டிருந்தது.

கால்டுவெல் இறந்து 22 ஆண்டுகளுக்குப் பின், 1913இல் மூன்றாம் பதிப்பு வந்தது. பதிப்பித்தவர்கள் இருவர்: அவருடைய மருமகன் வயட் ஐயர், தி. ராமகிருஷ்ண பிள்ளை. அந்தப் பதிப்பில் பறையர் பற்றிய பின்னிணைப்பு இல்லை. வேறு சில பின்னிணைப்புகளும் இல்லை. காலத்துக்கு ஒவ்வாதவை என்பது போன்ற காரணம் சொல்லப்பட்டது. அடுத்த 95 ஆண்டுகள் தமிழறிஞர்களும் மாணவர்களும் அரசியல் மேடைகளும் கையில் எடுத்தது அந்தக் கத்தரிக்கப்பட்ட பதிப்பையே. 2008இல் கவிதாசரண் பதிப்பகம் 1875 பதிப்பை முழுமையாக மறுஅச்சு செய்து இந்த இருட்டடிப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

காலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 1885இல் ஜான் ரத்தினம் ஐயரும் அயோத்திதாசப் பண்டிதரும் 'திராவிடப் பாண்டியன்' இதழை நடத்தினார்கள். கால்டுவெல் கொடைக்கானலில் இறந்த அதே 1891இல், நீலகிரி மலையில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். திராவிடன் என்ற பெயரை அரசியல் பெயராக முதலில் தூக்கிப்பிடித்தவர்கள் சேரி மக்கள். அந்தப் பெயர் வலுப்பெற்றுவந்த வேளையில்தான், பறையர் திராவிடரே என்ற பக்கம் மூல நூலிலிருந்து போனது. 1968இல் மெரினாவில் கால்டுவெல்லுக்குச் சிலை வைத்தோம். சிலைக்கு மாலை போட்ட கைகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க வாய்ப்பே இல்லை.

குடும்பம் குடும்பமாக ஊழியம் செய்தார்கள் என்று புகழும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மாமனார் எழுதினார். மருமகன் கத்தரித்தார். வேதத்தில் ஒரு சொல்லை மாற்றப் பதினோரு ஆண்டு விவாதித்த மரபு, நம் மக்களைப் பற்றிய பக்கங்களை எடுக்க அவ்வளவு யோசிக்கவில்லை.

மலைக்குத் திரும்பி

1845இல் அமெரிக்க மதுரை மிஷன் காய்ச்சலிலும் காலராவிலும் தன் ஆட்களை இழந்து, தப்பிப் பிழைக்கக் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது. அன்று மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தாக ஏறும் பாதையில் நாற்காலியில் உட்காரவைத்துச் சுமந்து போவார்கள். அந்தப் பாதைக்குப் பெயரே 'கூலி காட்'. ஏறியவர்களின் பெயர் பங்களாக்களுக்கும் தெருக்களுக்கும் கிடைத்தது. சுமந்தவர்களுக்கு மிஞ்சியது பாதையின் பெயர் மட்டும். கால்டுவெல்லின் உடலும் இந்த மலையிலிருந்து இறக்கப்பட்டு இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அந்தக் காலத்தில் கீழ்மலையில் நம் மக்கள் எப்படி இருந்தார்கள்? குன்னுவரின் நிலங்களில் பண்ணையடிமைகளாகப் புலையர் உழைத்ததை 19ஆம் நூற்றாண்டு மதுரை மாவட்டப் பதிவுகளே சொல்கின்றன. இன்றும் இந்த மலையின் புலையர் மக்கள் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரி மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேதத்தைக் கையில் எடுத்தவர்களின் நிலையும் வேறில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்னும் திறக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவரை நாம் மறக்கவில்லை. சேரியில் பிறந்த கிறிஸ்தவனை ஊர் பறையனாகவே பார்க்கிறது, அரசு மட்டும் பார்க்க மறுக்கிறது.

பண்ணைக்காட்டுத் தம்பிக்கு நாம் சொன்னது இதுதான். நன்றி சொல்வோம்: எழுத்தை யாரும் தடுக்க முடியாதபடி நம் கைக்குக் கொண்டுவந்தார்கள். கணக்கும் கேட்போம்: ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட அபிஷேகத்துக்கும், 1913இல் கத்தரிக்கப்பட்ட பக்கங்களுக்கும். சபைகளிடம் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. அடுத்த முறை மிஷனரிகளின் நினைவு நாள் வரும்போது ராஜநாயக்கனின் பெயரையும் மேடையில் சொல்லுங்கள். கால்டுவெல்லின் பெயரைச் சொல்லும் பள்ளிகளும் கல்லூரிகளும் 1875 பதிப்பை வாங்கி நூலகத்தில் வையுங்கள்.

பேசிவிட்டுக் கிளம்பும்போது அந்தத் தம்பி கேட்டார்: "அந்தப் பழைய புத்தகம் எங்க கிடைக்கும், அண்ணா?" அடுத்த முறை மலையேறும்போது ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.