எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

இணையத்தில் தமிழ் வாசிப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது வருகையாளர் எண்ணிக்கையைத்தான். கோடு ஏறினால் தமிழ் வளர்ந்தது, இறங்கினால் தேய்ந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அக்கோட்டை வரைந்த அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

தொடக்க காலத்தில் பலர் பெருமையுடன் காட்டியது 'ஹிட்ஸ்' என்னும் கணக்கு. அது ஆட்களின் கணக்கன்று. வழங்கியிடம் கேட்கப்பட்ட கோப்புகளின் கணக்கு. ஒருங்குறி பரவாத அந்நாளில் தமிழ்த் தளங்கள் பல, எழுத்துருவைத் தனிக் கோப்பாகவும் தலைப்புகளைப் படங்களாகவும் அனுப்பின. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தாலே பத்துப் பதினைந்து 'ஹிட்ஸ்' விழும். எழுத்துருச் சிக்கல் நம் புகழை வளர்த்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பின்னர் 'தனி வருகையாளர்' என்ற கணக்கு வந்தது. அது எண்ணியதும் ஆளையன்று, உலாவியைத்தான். ஊத்துக்குளியையே எடுத்துக்கொள்வோம். பிரவுசிங் சென்டரில் ஒரே கணினியில் பத்துப் பேர் படித்தாலும் ஒருவர் என்றே பதிவாகலாம். இன்று கைபேசியிலும் கல்லூரிக் கணினியிலும் படிக்கும் ஒரே மாணவி இருவராகிறாள். அவளுடைய ஊரும் ஊத்துக்குளி என்று பதிவாகும் என்பதற்கு உறுதியில்லை. கைபேசி நிறுவனத்தின் இணைப்பு வழியைப் பொறுத்துச் சென்னை என்றோ பெங்களூர் என்றோ காட்டக்கூடும்.

இவற்றினும் நாம் கருத்தூன்ற வேண்டியது 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கணக்கு. விக்கிமீடியா தளங்களின் கட்டுரை வாரியான பார்வைக் கணக்கு 2007 டிசம்பர் முதல் கிடைக்கிறது. ஆயின் கைபேசிப் பதிப்பின் பார்வைகள் அதில் சேர்ந்தது 2014 செப்டம்பரில்தான். பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோர் பலர் கணினியைத் தொடாமல் நேரே கைபேசி வழியே இணையத்துக்கு வந்தவர்கள். வேலை முடிந்து பேருந்தில் அவர்கள் எதைப் படித்தார்கள் என்பதற்கு அப்பட்டியலில் இடமே இல்லை. அதைக் கொண்டு 'தமிழர் விரும்பிப் படிப்பது இவற்றைத்தான்' என்று சொல்வது, கணினி வைத்திருந்தோரின் விருப்பத்தை ஊரின் விருப்பமாக்குவதாகும்.

2015 மே மாதம் வரையறை மீண்டும் மாறியது; தேடுபொறிகளின் தானியங்கிகள் கழிக்கப்பட்டன. ஆகவே 2013ஆம் ஆண்டின் எண்ணையும் 2016ஆம் ஆண்டின் எண்ணையும் அருகருகே வைப்பது, படியால் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் ஒப்பிடுவது போன்றது. 2025இல் மனிதரைப் போல நடித்த தானியங்கிகள் பிடிபட்டபோது, விக்கிமீடியா நிறுவனம் அவ்வாண்டின் சில மாதக் கணக்குகளையே திருத்தி எழுத நேர்ந்தது.