மார்சேய் நகரின் பெயரில் ஓர் இசைத்தட்டு

மத்தியதரைக் கடலின் வடகரையில் அமைந்த பிரெஞ்சுத் துறைமுகம் மார்சேய். அல்ஜீரியாவிலிருந்தும் துனீசியாவிலிருந்தும் பிழைப்பை நாடிக் கப்பலேறிய முஸ்லிம்களுள் எண்ணற்றோர் பிரான்சின் மண்ணை முதன்முதலில் மிதித்தது இத்துறையிலேதான். இந்நகரின் பெயரையே தலைப்பாகத் தாங்கி 2017ஆம் ஆண்டில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதனை ஆக்கியவர் பிரெஞ்சுக்காரர் அல்லர். அமெரிக்கக் கறுப்பினத்தவரான பியானோ மேதை அஹ்மத் ஜமால். 2016ஆம் ஆண்டில் பிரான்சில் அதன் ஒலிப்பதிவு நடந்தது. அவ்வாண்டில் அவருக்கு 86 வயது நிறைந்தது.

இசை மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்னும் விவாதத்துள் நாம் ஈண்டு நுழையவில்லை. அது ஆலிம்களின் துறை. தம் பெயருக்காகவும் தம் கொள்கைக்காகவும் விலை கொடுத்த ஒரு மனிதரின் வரலாற்றை அறிந்துகொள்வதே நம் நோக்கம்.

அவர் 1930ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில், கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபிரெடெரிக் ரஸ்ஸல் ஜோன்ஸ். மூன்று வயதிலேயே பியானோவின் கட்டைகளில் விரல் பதித்தவர். ஏழாம் வயதில், நீக்ரோ மக்களுக்கென ஓர் இசைநாடகக் குழுவைப் பின்னாளில் நிறுவிய மேரி கார்ட்வெல் டாசன் அம்மையாரிடம் முறையாகப் பயிலத் தொடங்கினார். இருபது வயதை ஒட்டி இஸ்லாத்தைத் தழுவினார். அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இஸ்லாத்தை அறிமுகப்படுத்தியவர்களுள் 1920இலேயே அங்குச் சென்று இறங்கிய அகமதியா இயக்கத்தார் முக்கியமானவர்கள். ஜாஸ் இசைவாணர் பலர் அவர்கள் வழியாகவே கலிமாச் சொன்னார்கள். அவ்வியக்கத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள கருத்து வேறு. ஆயினும் வரலாறு எழுதப் புகுந்தவன் நடந்ததை மறைத்தல் கூடாதன்றோ!

ஜோன்ஸ் என்ற பெயரைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க வேண்டும். அடிமைச் சந்தையில் விலைபோன ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் தாங்கி நின்ற ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் அவர்களை விலைக்கு வாங்கிய எசமானர்கள் வழி வந்தவை. ஆகவேதான், தாம் புதுப்பெயர் எதனையும் சூடிக்கொள்ளவில்லை, தம் முன்னோர்க்குரியதை மீட்டுக்கொண்டதாகவே கருதுவதாக ஜமால் விளக்கினார். அரசியல் மேடையில் கறுப்பின எழுச்சி முழங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், இருபது வயது இளைஞர் ஒருவர் அமைதியாகச் செய்துகொண்ட புரட்சி இது.

அமைதி என்ற சொல் அவர் இசைக்கும் பொருந்தும். வேகமாக வாசிப்பதே திறமை என்று கருதப்பட்ட காலத்தில் அவர் இரண்டு சுரங்களுக்கிடையே இடைவெளி விட்டார். கேட்போரின் செவி அடுத்த சுரத்தை எதிர்பார்த்து நிற்கும், அவரோ தாமதிப்பார், பக்கத்தில் இருப்பவரின் தாளம் மட்டும் நடந்துகொண்டிருக்கும். சில விமர்சகர்கள் இதனைப் புரிந்துகொள்ளவில்லை. மதுக்கூடத்தில் பேச்சுக்கு நடுவே ஒலிக்கும் பொழுதுபோக்கு வாசிப்பு என்று எள்ளினர். ஆனால், அக்காலத்து ஜாஸ் உலகின் தலைமகனான மைல்ஸ் டேவிஸ் இவர் வாசிப்பைப் பாடமாகவே கொண்டார். தம் குழுவின் பியானோ வாசிப்பவரை ஜமாலைப் போல் வாசிக்குமாறு தூண்டினார். 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் பதிவான ஜமாலின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 100 வாரங்களுக்கு மேல் இடம்பெற்றது. விமர்சகர்களுக்கு மக்கள் தந்த விடை அது.

அத்தட்டு ஈட்டித் தந்த பணத்தை அவர் என்ன செய்தார்? 1959இல் வட ஆப்பிரிக்காவுக்குச் சென்று திரும்பியவர், சிகாகோவில் ஓர் உணவு விடுதியும் இசைக்கூடமும் தொடங்கினார். அதற்கு இட்ட பெயர் அல்ஹம்ரா! கிரனாடாவில் நம் மூதாதையர் எழுப்பிய மாளிகையின் பெயர். அங்கு மது கிடையாது. அமெரிக்காவில் ஜாஸ் இசை வளர்ந்ததே மதுக்கூடங்களில். இசைவாணருக்கான கூலி மது விற்ற பணத்திலிருந்தே பிறந்தது. அந்நிலையில் மதுவை விலக்கி ஓர் இசைக்கூடம் நடத்துவது வாணிப நூலுக்கு முற்றும் மாறானது. 1961இல் அங்குப் பதிவான இசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது, கூடமோ நிலைக்கவில்லை. 1962இல் அவர் குழுவும் கலைந்தது. அதே ஆண்டில் அக்குழுவின் ஒப்பற்ற பாஸ் வாத்தியக்காரர் இஸ்ரேல் கிராஸ்பி மறைந்தார். ஜமால் மூன்றாண்டுக் காலம் மேடையை விட்டே விலகி இருந்தார். இதனைத் தோல்வி என்று எழுதிச் சென்ற நூலாசிரியர்கள் உண்டு. எம் பார்வையில் அவர் வாழ்க்கையின் மிக நேர்மையான பகுதி இதுவே.

இனி மார்சேய் இசைத்தட்டுக்கு வருவோம். அதில் ஜமாலுடன் வாசித்தவர்கள் மூவர்: பாஸில் ஜேம்ஸ் கேமக், முரசுகளில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஹெர்லின் ரைலி, பிற தாள வாத்தியங்களில் மனோலோ பத்ரேனா. தலைப்புப் பாடல் மூன்று வடிவங்களில் வருகிறது: ஒன்று வாத்திய இசை மட்டும், மற்றொன்றை மீனா அகோசி என்னும் பாடகி பாடுகிறார், இன்னொன்றில் அப்துல் மாலிக் பிரெஞ்சு மொழியில் கவிதை படிப்பதுபோல் சொற்களை ஒலிக்கிறார். அடியில் படைநடையை நினைவூட்டும் முரசு. மார்சேய் என்றாலே பிரெஞ்சுக்காரர் செவியில் ஒலிப்பது அவர்களுடைய தேசிய கீதம். 1792இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இயற்றப்பெற்று, மார்சேய் நகரத்துத் தொண்டர்படை பாடிச் சென்றதால் அந்நகரின் பெயரைப் பெற்ற போர்ப்பாடல் அது.

அந்த ஸ்ட்ராஸ்பர்க்கின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர்தாம் இந்த அப்துல் மாலிக். காங்கோ நாட்டு வழியினர். 1975இல் பாரிஸில் பிறந்தவர். இளமையில் இஸ்லாத்தை ஏற்றவர். பின்னர் மொராக்கோவின் காதிரிய்யா பூத்ஷீஷிய்யா தரீக்காவில் இணைந்தார். காதிரிய்யா என்றவுடன் நம்மவர்க்கு நாகூர் நினைவுக்கு வரும். அதே மரத்தின் மற்றொரு கிளை அது. 2006இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் ஜிப்ரால்டர், அதாவது ஜபல் தாரிக். ஒருவர் அல்ஹம்ரா என்று பெயரிட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மற்றொருவர் தாரிக்கின் மலையைத் தேர்ந்தார். கடலின் இரு கரைகளில் பிறந்து, தம் பெயரைத் தாமே தேடிக்கொண்ட இரு கறுப்பின முஸ்லிம்களின் நெஞ்சிலும் அந்தலூஸ் இருந்திருக்கிறது. பாரிஸில் 2015இல் நிகழ்ந்த படுகொலைகளுக்குப் பின் பிரான்சில் முஸ்லிம் பெயர் தாங்குவதே ஐயத்துக்குரியதாகிவிட்டிருந்தது. அந்நாளில் இவ்விருவரும் ஒரே ஒலிப்பதிவில் சேர்ந்து ஒரு பிரெஞ்சு நகரை அன்போடு விளித்தார்கள் என்பதே இத்தட்டின் சிறப்பு என்போம்.

அதே தட்டில் தாயற்ற பிள்ளையின் ஏக்கத்தைக் கூறும் பழைய அடிமைப் பாடலொன்றும் உண்டு. தாயையும் மகவையும் வெவ்வேறு பண்ணைகளுக்கு விற்ற கொடுமையின் எச்சம் அது. ஜமால் அதனை அழுது தீர்க்கவில்லை. தாளம் விடாது நடத்திச் செல்கிறார்.

அந்த 2016ஆம் ஆண்டு ஒலிப்பதிவிலிருந்தே மற்றொரு தட்டும் உருவாகி 2019இல் வெளிவந்தது. அவருடைய கடைசி ஒலிப்பதிவுக்கூடத் தட்டு அதுவே. பெரும்பாலும் தனியாகவே வாசிக்கிறார்; சில இடங்களில் மட்டும் கேமக் துணை. 1958இல் அவருக்குப் புகழ் தேடித்தந்த ‘பாய்ன்சியானா’ என்ற உருப்படி அதில் மீண்டும் வருகிறது. நம்மூரில் மயிற்கொன்றை என்று வழங்கும் செம்பூ மரத்தின் பெயர் அது. அவ்வுருப்படியைக் கோடிக்கணக்கானோர் நினைவில் வைத்திருந்தது வெர்னல் ஃபோர்னியே முழக்கிய தாளத்தாலேதான். அவரும் 1975இல் இஸ்லாத்தைத் தழுவி அமீர் ருஷ்தான் ஆனவர். 2000ஆம் ஆண்டில் காலமானார். கடைசித் தட்டில் அத்தாளம் இல்லை. முரசு ஒலிக்க வேண்டிய இடங்களை வேறொரு வாத்தியத்தால் நிரப்ப முதியவர் முயலவுமில்லை.

அஹ்மத் ஜமால் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், ரமலானின் இறுதிப் பத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள தம் இல்லத்தில் வபாத்தானார். வயது 92.